நான் எழுதிய ஏழாவது இடம்

1

மன்னார் நகரத்தில் நான்கு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதி இருக்கிறது. போன வருடம் வரை அதன் இணையப் பக்கத்தில் ‘அருகில் பார்க்க வேண்டிய ஏழு இடங்கள்’ என்று ஜேர்மன் மொழியில் ஒரு பட்டியல் இருந்தது. அதை எழுதியவன் நான்.

விடுதியின் பக்கத்திலிருந்து அதை எடுத்து ஒரு வருடமாகப் போகிறது. எடுத்து என்ன பயன்? ஊர் சுற்றிக் கட்டுரை எழுதும் யார் யாரோ அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். ஒன்றை அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினால் இன்னொன்று முளைக்கிறது. சென்ற வாரமும் இரண்டு பேர் அதை அச்செடுத்துக் கையில் பிடித்தபடி எங்கள் கரையில் நின்றார்களாம். அங்கே நண்டு வலை தட்டிக்கொண்டிருந்த பெண் கையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் கோயிலுக்கோ சந்தைக்கோ போன நேரத்தில் வேறு யாரும் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் நான் படுக்கைக்குப் போவதில்லை.

என் மகள் செலினும் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏழாவது இடத்துக்குப் போனாள். நாளையோடு ஒரு வருடம்.

அந்தக் கரையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பள்ளிமுனைக்கு அப்பால் உள்ள ஒரு சின்னக் குடியிருப்பு, நான் பிறந்த இடம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். பெயரை எழுதினால் அதையும் அச்செடுத்துக்கொண்டு யாராவது கிளம்பிவிடுவார்கள். பட்ட பிறகு வந்த புத்தி.

2

விடுதிக்காரன் ஜெறோம் என் பள்ளிக்கூடத் தோழன். பதினைந்து வருடம் கட்டாரில் வாகனம் ஓட்டிவிட்டு வந்து அந்த விடுதியைக் கட்டினான். நான் ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்னைப் பிடித்தான்.

“டேய் சீலன், ஜேர்மன்காரர் கொஞ்சப்பேர் வரத் தொடங்கியிருக்கினம். பட்டத்தில தொங்கிக்கொண்டு கடலில ஓடுற ஆக்கள். ஓடி முடிச்சுப்போட்டு, இனி என்னத்தைப் பாக்கிறதெண்டு என்னட்டக் கேக்கினம். நீ அவையின்ர பாஷையில ஒரு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்து நான்கு வருடமாக இந்த நாட்டில் நான் எழுதியதெல்லாம் படிவங்கள். கட்டம் கட்டமாகப் பதில் எழுதியே கை தேய்ந்துவிட்டது. ஒரு தடவை பிறந்த இடம் மன்னார் என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து மன்ஹைம் என்ற ஜேர்மன் நகரமாகத் திருத்தி அட்டை அடித்துத் தந்தார். அந்த அட்டையோடு ஐந்து வருடம் மன்ஹைமில் பிறந்தவனாக வாழ்ந்தேன். இப்போது ஒருவன் என்னிடம் மன்னாரைப் பற்றி எழுதித் தா என்கிறான். விடுவேனா?

வரவேற்பறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கோட்டை, பெருக்கமரம், வங்காலைப் பறவைகள், தலைமன்னார் இறங்குதுறை, வெளிச்சவீடு, நகரத்துக் கழுதைகள் என்று ஆறு சேர்ந்தன. செலின் பக்கத்தில் இருந்து மொழியைத் திருத்தினாள். ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு பொருளும் ஆணா பெண்ணா இரண்டுமில்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். உட்காரும் கதிரை எந்தப் பக்கம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அவள் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டே போனாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் அவளுடைய கதவு எப்போதும் சாத்தியிருக்கும். தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் வரும். கோயில், கூட்டம், சொந்தக்காரர் வீடு எதற்கும் வரமாட்டாள். என் ஊரைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஏழாவதாக, எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் தீடையைப் பற்றி இரண்டு வரி போட்டேன். தீடை என்றால் கடலுக்குள் தலை தூக்கி நிற்கும் மணல் திட்டு. செலின் பேனையை நிறுத்தினாள். “அப்பா, இது உண்மையா? கடலுக்குள்ள நடந்து போகலாமா?” என்று தமிழில் கேட்டாள்.

இரண்டு வரி இருபது வரியாக வளர்ந்தது அப்போதுதான். ஜேர்மன்காரருக்காக அல்ல, அவளுக்காக எழுதினேன்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கடல் வற்றும் நேரத்தில் அந்தத் தீடைவரை நடக்கலாம். ஏறக்குறைய ஒரு மைல் தூரம், முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. ஆனால் நினைத்த இடத்தால் எல்லாம் நடக்க முடியாது. தண்ணீருக்கு அடியில் ஒரு வண்டிப் பாதை அகலத்துக்கு இறுகிய மணல் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சுரி. கால் வைத்தால் இடுப்புவரை விழுங்கும் சேறு. மேலே நின்று பார்த்தால் மணல் எது, சுரி எது என்று தெரியாது. அதனால் மட்டிச் சிப்பி பொறுக்கப் போகும் எங்கள் பெண்கள் கரையைப் பார்த்துத்தான் வழி பிடிப்பார்கள். கரையோரம் இரட்டைப் பனை நிற்கிறது. அதற்குப் பின்னால் எங்கள் கோயிலின் மணிக்கூண்டு. தேவாலயத்தையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். கடலுக்குள் நின்று திரும்பிப் பார்க்கும்போது கூண்டு இரண்டு பனைக்கும் நடுவில் தெரிந்தால் காலுக்குக் கீழே மணல் இருக்கிறது. கூண்டு ஒரு பனைக்குப் பின்னால் மறைந்தால் விலகிவிட்டீர்கள்.

வரிசையாகத்தான் போவார்கள். கடைசியில் வருகிறவளுக்கு மட்டி பொறுக்கும் வேலை இல்லை. அவள் பின்னுக்குப் பார்த்துப் பார்த்து நடந்து, “கூண்டு நிக்குது, கூண்டு நிக்குது” என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவள் சத்தம் நின்றால் முன்னால் போகிற எல்லோரும் அந்தந்த இடத்திலேயே நிற்பார்கள். மற்றவர்கள் பொறுக்கியதில் அவளுக்கும் சரிபங்கு உண்டு. அம்மாவோடு போன நாட்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் நானும் நடந்தேன்.

பட்டியலில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘தேவாலயக் கோபுரத்தை இரண்டு பனைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நேராக நடவுங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் பயமில்லை.’ தனியே போகாதீர்கள் என்று எழுதவில்லை. எங்கள் ஊரில் அந்த வழியால் தனியே போகிற ஆள் கிடையாது. அப்படி ஒரு விதியை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

3

போன வருடம் ஆவணியில் நானும் செலினும் மன்னாருக்குப் போனோம். மனைவிக்கு வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை. செலின் தானே கேட்டு வந்தாள். பட்டியலை அச்செடுத்து, மழைக்கு நனையாத உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு இடமாகப் பார்த்துச் சரி போடுவது அவள் திட்டம்.

சரி போட ஒன்றும் அகப்படவில்லை. கோட்டைச் சுவரில் ஏறி நின்று மாலை வெயில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். உண்மையில் நான் ஒருநாளும் அந்தக் கோட்டைக்குள் போனதில்லை. நான் இருந்த காலத்தில் உள்ளே இராணுவம் இருந்தது, அந்தப் பக்கம் தலை திருப்பிப் பார்க்கவே பயப்படுவோம். சுவரில் ஏற இடமில்லை என்று காவலாளி சொன்னார். பானை போலப் பருத்த பெருக்கமரத்தைக் கை கோத்துக் கட்டிப்பிடிக்கலாம் என்று எழுதியிருந்தேன். மரத்தைச் சுற்றி வேலி இருந்தது. வங்காலையில் ஆயிரமாயிரம் பூநாரைகள் என்று எழுதியிருந்தேன். ஆவணி மாதத்தில் காய்ந்த வெளியும் உப்புக் காற்றும் இருந்தன. பூநாரை மாரியில்தான் வரும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

முதலில் சிரித்தாள். “அப்பா, மூண்டும் பிழை” என்றாள். நான்காவது நாள் சிரிக்கவில்லை. தென்கரை முழுவதும் காற்றாலைகள் வரிசையாக நின்றன. சோளகக் காற்று விடாமல் அடித்தது. அந்த வெள்ளைக் கைகள் தலைக்கு மேலே சுழல்வதை அவள் வெகுநேரம் பார்த்தாள். “இதை நீங்க எழுதவே இல்லை” என்றாள். இவ்வளவு பெரிய பொருள் என் ஊரில் நிற்பது எனக்குத் தெரியும். செய்தியில் படித்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அவை ஒன்றும் என் மன்னாரில் நிற்கவில்லை.  பேச்சை மாற்ற அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

என் சொந்தக் குடியிருப்புக்குப் போவதைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்திருந்தேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. சண்டைக் காலத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கும் மீதிப் பேர் வெளிநாடுகளுக்குமாகப் போய்விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் வேறு வீடு. இரவுச் சாப்பாட்டில் ஜெறோம் கேட்டான்.

“அந்த ஏழாவதுக்கும் போறியளோ? நான் அந்தப் பக்கம் போய்க் கனகாலம். இறங்க முன்னம் அங்க ஆரையும் ஒருக்காக் கேளுங்கோ.”

“என்ர கரைக்கு நான் ஆரையடா கேக்கிறது?” என்றேன்.

அவன் செலினைப் பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான். நான் இரண்டாம் தரம் நண்டுக்கறி போட்டுக்கொண்டேன்.

4

அடுத்த நாள் காலை நான் பதிவுக் கந்தோருக்குப் போனேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதுப் பிரதி எடுக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம். வரிசை நீளம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. என் முறை வந்ததும் முகத்தை நிமிர்த்தாமல் எழுதுவினைஞர் கேட்டார்.

“விலாசம்?”

ஊரின் பெயரைச் சொன்னேன்.

“அது பிறந்த இடம், ஐயா. இப்ப இருக்கிற விலாசத்தைக் கேட்டனான்.”

“ஜா, ஜா” என்றேன். ஓம் என்று சொல்ல வாயெடுத்தும் அந்த ஜேர்மன் சொல்தான் வந்தது. பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். ஜேர்மன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். பிற்பகல் வரச் சொன்னார்கள்.

வெளியே வந்து தொலைபேசியைப் பார்த்தேன். செலின் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். வரிசையில் நின்றபோது சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். ‘அப்பா, நான் ஏழுக்குப் போறன். தண்ணி வத்துற நேரம் பாத்திட்டன். மத்தியானம் வருவன். இது ஒண்டாவது சரியா இருக்கும்.’ அவளுக்குத் தமிழ் எழுத்து முழுவதும் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். எனக்கு அவள் தமிழில் அனுப்பிய முதல் செய்தி அது.

மணி பதினொன்றரை. கடல் திரும்ப ஏறத் தொடங்கி ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். அழைத்தேன், பதில் இல்லை. ஓட்டோ பிடித்தேன். வழி நெடுக, அந்த மணலில் நானே எத்தனை தரம் நடந்திருக்கிறேன், ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கரைக்கு வந்து இறங்கும்வரை அதை நம்பினேன்.

இறங்கியதும் கூண்டைத்தான் பார்த்தேன். வெள்ளையாக, உயரமாக நின்றது. பழைய கூண்டு ஓட்டுக் கூரைக்கு மேலே ஒரு ஆள் உயரம் வரும், அவ்வளவுதான். அது நின்ற இடம் இப்போது வாகனம் நிறுத்தும் வெளி. புதுக் கோயிலை மேற்கே தள்ளிக் கட்டியிருந்தார்கள். கோயில் புதிதாகக் கட்டிய சங்கதி எனக்குத் தெரியாததல்ல. அதற்காக ஜேர்மனியில் வீடு வீடாகப் போய் உதவி சேர்த்தவர்களில் நானும் ஒருவன். திறப்புவிழாப் படம் சட்டம் போட்டு எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் ஏழாவது குறிப்பை எழுதினேன். படத்தில் இருப்பது புதுக் கூண்டு, என் தலையில் இருந்தது பழைய கூண்டு. இரண்டும் வேறு இடங்களில் நிற்கக்கூடும் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

பனைகள் இரண்டும் அப்படியே நின்றன. கூண்டு நகர்ந்தால் கோடும் நகரும். புதுக் கூண்டைப் பனைகளின் நடுவில் வைத்துக்கொண்டு நேராக நடப்பவர் மணலை விட்டுக் கிழக்கே சாய்ந்து சாய்ந்து போவார்.

கரையில் ஒரு பெண் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நான் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்குவதைக் கண்டு எழுந்தார்.

“தம்பி, அதால இறங்காதேங்கோ. படகு ஓட வாய்க்கால் வெட்டினாப் பிறகு அந்தப் பக்கம் ஆக்கள் போறேல்லை. ஆழம்.”

“ஒரு பொம்பிளப்பிள்ளை போனதோ?”

“நான் இப்பதான் வந்தனான். ஒருத்தரையும் காணேல்லை.” அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார். கிழக்குப் பக்கமாக வெகுநேரம் பார்த்தார். “அங்க கறுப்பா ஒண்டு தெரியுது. கண்டல் மரத் தடியோ தெரியேல்லை.”

நானும் பார்த்தேன். எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

“தடி இல்லை” என்றார் அவர். “அசையுது.”

5

அவர் பெயர் றீற்றா என்பது பிறகுதான் தெரிந்தது. பேசாலையிலிருந்து கலியாணம் கட்டி இங்கே வந்தவர். சின்ன வள்ளம் ஒன்றைத் தள்ளி, என்னை ஏறச் சொல்லி, கம்பு ஊன்றி ஓட்டினார். நான் துடுப்பை எடுத்தேன். தண்ணீரை அடித்தேனே தவிர வள்ளம் நகரவில்லை. “அதை வையுங்கோ தம்பி. பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு வாங்கோ. உங்கட குரல் கேக்கட்டும்” என்றார். கூப்பிட்டேன். சோளகம் எதிரே அடித்துக் குரலை வாங்கிக்கொண்டு போனது.

செலின் வாய்க்காலின் விளிம்பில் நின்றாள். மார்புக்கு மேலே தண்ணீர். ஒரு கால் தொடைவரை சுரியில் புதைந்திருந்தது. தொலைபேசி எங்கோ போய்விட்டது. உறையில் போட்ட பட்டியலை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்து நடுங்கியது. எங்களைக் கண்டதும் அழவில்லை. அவள் கண் எங்கள் மேல் இல்லை. எங்களுக்குப் பின்னால், கரையில் இருந்தது.

“அப்பா, நான் விலகேல்லை” என்றாள். “பாருங்க. நடுவிலதான் நிக்குது.”

திரும்பிப் பார்த்தேன். புதுக் கூண்டு, நூல் பிடித்த மாதிரி, இரண்டு பனைக்கும் நடுவில் நின்றது.

என் சொல்லை ஒருநாளும் கேளாத பிள்ளை என்று அவளைப் பற்றி எத்தனை பேரிடம் குறை சொல்லியிருக்கிறேன். குளிர்காலத்தில் தொப்பி போடு என்றால் போடமாட்டாள். அன்று என் சொல்லை எழுத்து எழுத்தாகக் கேட்டிருந்தாள். சேறு காலைப் பிடித்த பிறகும், தண்ணீர் ஏறிய பிறகும், கூண்டு நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து முன்னுக்குத்தான் போயிருந்தாள். 

நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அலறினாள். “இழுக்காதேங்கோ, கால் முறிஞ்சு போம்” என்று றீற்றா என்னைத் தள்ளிவிட்டார். “மல்லாந்து தண்ணியில படுக்கச் சொல்லுங்கோ. காலைக் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டச் சொல்லுங்கோ.” செலினுக்கு அது விளங்கவில்லை. நான் ஜேர்மனில் சொன்னேன். தண்ணீரில் முதுகைச் சாய்க்க அவளுக்குப் பயம். காலுக்குக் கீழே இருக்கிற பிடியையும் விட்டால் போய்விடுவேன் என்று நினைத்தாள். “என்னை நம்பு” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. பிறகு றீற்றாவைப் பார்த்தாள். அவர் வள்ளத்தில் குனிந்து அவள் தலைக்கு அடியில் தன் உள்ளங்கையை விரித்துக் கொடுத்தார். அந்தக் கையில் தலையைச் சாய்த்தாள். கால் வெளியே வர ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் எடுத்தது. அதற்குள் அவள் நின்ற இடத்தில் தண்ணீர் கழுத்தளவு ஏறியிருந்தது.

6

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். யாரோ துவாய் கொண்டுவந்தார்கள், யாரோ சுடச்சுடத் தேத்தண்ணி. றீற்றா ஈரப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். மொழி தெரியாது, ஆனால் தாளைத் தெரிந்திருந்தது.

“இது மூண்டாம் தரம்” என்றார். “மாசியில ஒரு சோடி வந்தது. பிறகு ரெண்டு பெடியள். எல்லார்ட்டையும் இந்தத் தாள்தான். காட்டிக் காட்டித் தண்ணிக்குள்ள இறங்கப் பாத்தவை. கையைக் காலைக் காட்டித் திருப்பி அனுப்பினனாங்கள். இதை எழுதினது ஆர்?”

தாளின் அடியில் விடுதியின் பெயர் இருந்தது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அதுவரை நான் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. செலின் துவாய்க்குள் நடுங்கிக்கொண்டு இருந்தாள். அவளுக்குத் தமிழ் குறைவு, ஆனால் அந்தக் கேள்வி விளங்கியது. கோபமும் விளங்கியது.

“கெஸ்ட் ஹவுஸ் ஆக்கள்” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

“அவனுக்கு இந்தக் கடல் தெரியாது” என்றார் றீற்றா. “இஞ்ச பிறந்து வளந்தவன் எண்டால் இப்பிடி எழுதமாட்டான்.”

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடிப்பார்கள் என்ற பயம் இல்லை. அந்தக் கரையில் எனக்கு நிலமும் இல்லை, உறவும் இல்லை. இந்த ஊர்க்காரன் என்ற ஒரு சொல்தான் மிச்சம். அதை வைத்துத்தான் முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களுடைய சமையலறையில் பாத்திரம் கழுவினேன். அந்த நேரத்தில் அது என் கையை விட்டுப் போகப் பார்த்தது. பிடித்துக்கொள்ள வேறொருவனைத் தள்ளிவிட்டேன். கோழைத்தனம் என்பதற்கு மேல் அதற்குப் பெயர் இல்லை.

பின்னேரம் ஊரார் சிலர் ஜெறோமின் விடுதிக்கு வந்தார்கள். வாசலில் நின்று ஏசினார்கள். ஒருவன் பெயர்ப் பலகையைக் கழற்றி வீதியில் போட்டான். ஜெறோம் கேற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். “பிழை என்ரதான்” என்று மட்டும் சொன்னான். ஜேர்மன் மொழியில் அவனுக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. அந்தத் தாளை அவன் எழுதியிருக்க முடியுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் அறை யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

அவர்கள் போன பிறகு மேலே வந்தான். “நீ ஒண்டும் சொல்லாதை, மச்சான். நாளைக்குப் பிளேன் ஏறிப் போற ஆள் நீ. நான் சமாளிப்பன்” என்றான். நான் அதற்கும் தலையாட்டினேன். கட்டிலில் படுத்திருந்த செலின் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

7

அவன் சமாளிக்கவில்லை. அந்தக் கரையிலிருந்து இன்றுவரை ஒருவரும் அவனுக்கு மீன் கொடுப்பதில்லை. சமையலுக்கு வந்த பெண்ணை வீட்டார் மறித்துவிட்டார்கள். பூசைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் தள்ளி இருக்கிறாராம். ‘வெள்ளைக்காரனின் காசுக்காகப் பிள்ளையளைக் கடலுக்கு அனுப்புறவன்’ என்ற பேச்சு அடம்பன் சந்தை வரை போயிருக்கிறது. கேட்டால், “அதை விடு, பிள்ளைக்குக் கால் எப்பிடி?” என்பான்.

பிள்ளைக்குக் கால் சுகம். வேறு நகரத்தில் அறை எடுத்துப் படிக்கிறாள். தாயோடு பேசுவாள். நான் தொலைபேசியை வாங்கினால் படிப்பு இருக்கிறது என்பாள். அவள் கோபம் நான் பிழையாக எழுதியதற்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவள் ஜேர்மனில் சொன்னதன் தமிழ் இது:

“பிழையா எழுதினதுக்கு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்க நான் பயத்தில பொய் சொன்னன். நீங்க திருத்துவீங்க எண்டு உங்களையே பார்த்துக்கொண்டு இருந்தன்.”

அந்தப் பட்டியல் இருக்கும் இணையப் பக்கங்களைத் தேடிப் பிடித்து எடுக்கச் சொல்லி எழுதுவது இப்போது அவள்தான். சென்ற வாரம் கரையில் இரண்டு பேர் நின்ற செய்தியைக் கேட்டதும் என்னை அழைத்தாள். ஜேர்மனில் இருப்பதை அவள் பார்த்துக்கொள்வாளாம். தமிழில் சொல்ல வேண்டியது என் வேலையாம். அவ்வளவும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இதை வெளியிடும் இந்த இதழ் மன்னாருக்குப் போகிறது என்று தெரியும். ஆகவே என் ஊராருக்கு எழுதுகிறேன். அந்தத் தாளை எழுதியவன் ஜெறோம் அல்ல. உங்கள் கரையில் பிறந்து, உங்கள் கூண்டைப் பார்த்து நடந்து, உங்கள் புதுக் கோயிலுக்கு உதவி சேர்த்த சீலன் எழுதினான். றீற்றா அக்கா, நீங்கள் கேட்டபோது உங்களுக்கு முன்னால் நின்றவன்தான் நீங்கள் தேடிய ஆள். ஜெறோமுக்கு மீனைக் கொடுங்கள். பலகையை எடுத்து மாட்டுங்கள். தாளோடு யாரும் வந்து நின்றால் தயவுசெய்து மறியுங்கள்.

இதை அனுப்புவதற்கு முன் செலினுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். நல்ல தமிழ் வந்த இடங்களில் நிறுத்தி அர்த்தம் சொன்னேன்.  முடிந்ததும் அவள் தமிழில் கேட்டாள்.

“நீங்க தலையாட்டினது? அதையும் எழுதினீங்களா?”

“ஓம்.”

“அந்த இடத்தை இன்னொருக்கா வாசியுங்க.”

வாசித்தேன்.